குட்டைக்கள்ளியின் ‘ம்க்கும்’

அந்த வீடியோ விளையாட்டில் ஓணான்தான் கதாநாயகன். முதுகில் ஒரு தண்ணீர்க் குடுவையைக் கட்டிக்கொண்டு மேடைக்கு மேடை தாவிப் போகும். காட்டையும் சுரங்கத்தையும் தாண்டினால் ஒரு பாலைவனம் வரும். அங்கேதான் குட்டைக்கள்ளி நிற்கிறது. பெரிய வில்லன் ஒன்றும் இல்லை. இரண்டு கை, உருண்டைத் தலை, சிடுசிடுத்த முகம். நின்ற இடத்தை விட்டு நகராது. ஓணான் பக்கத்தில் வந்தால் ‘ம்க்கும்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடனே சுற்றிலும் முள்ளை வீசும். ‘ம்க்கும்’ காதில் விழுந்த கணமே தாவிவிட்டால் தப்பிக்கலாம். தாவி அதன் தலையில் மிதித்தால் மணலுக்குள் இறங்கிவிடும். அத்தோடு அதன் கதை முடிந்தது.

விளையாடியவர்களில் பலருக்குக் கடைசிக் கட்டத்து ராட்சதப் பாம்பு மறந்துவிட்டது. கள்ளி மறக்கவில்லை. காரணம் அந்த ‘ம்க்கும்’. ‘பெரிய ஆளு வந்துட்டாரு’ என்பதை வாயைத் திறக்காமலே சொல்லிவிடும் சத்தம் அது. பிள்ளைகள் வீட்டில் அதைப் போலச் செய்து காட்டி முதுகில் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் குரல் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சருடையது.

விளையாட்டைத் தயாரித்தது ஒரு சின்ன நிறுவனம். அதில் சத்தங்களுக்குப் பொறுப்பானவனை எல்லோரும் ‘சவுண்டு’ என்றே கூப்பிட்டார்கள். ஆள் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம் என்பதால் அந்தப் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவன் மனைவிக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளுக்கு ‘பிரேக் டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுடைய இருக்கைக்குக் கீழே அவளுக்கென்று தனி பிரேக் உண்டு. ஆனால் அவள் கால் அதைத் தொடுவதற்குள் அவள் குரலே வண்டியை நிறுத்திவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுண்டு வீட்டு அறையில் மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன பண்றீங்க?”

“கள்ளிக்குச் சத்தம் தேடுறேன்.”

“சம்பளம் குடுத்து இதையா செய்யச் சொல்றாங்க?”

“அப்படிச் சொல்லாத. கள்ளின்னா அதுக்குன்னு ஒரு குணம் வேணும்ல.”

“ம்க்கும்,” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மைக் திறந்தே இருந்தது.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உண்மையான சத்தம் தயாராகும் வரை அதன் இடத்தில் எதையாவது போட்டு வைப்பார்கள். நாற்காலி கிறீச்சிட்டது, டிபன் டப்பா விழுந்தது, யாரோ தும்மியது, எதுவாகவும் இருக்கலாம். அதற்கு டம்மி என்று பெயர். டம்மியைச் சேமிக்கும்போது பெயரின் முன்னால் ‘டம்மி’ என்று சேர்க்க வேண்டும். விளையாட்டு வெளியே போவதற்கு முன் அந்தச் சொல்லைத் தேடி, அகப்படுவதையெல்லாம் நீக்கிவிட்டு நல்ல சத்தத்தை வைப்பார்கள். சவுண்டு எல்லா டம்மிக்கும் அந்தச் சொல்லைச் சேர்த்திருந்தான், இதற்கு மட்டும் மறந்துவிட்டான். தேடலில் அது அகப்படவில்லை. வெளியே போய்விட்டது.

அவளுக்கு விஷயம் தெரிந்தது காரில் வைத்துத்தான். வண்டி பழக வந்த ஒருவர், “டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசறது எங்க வீட்டுப் பசங்க ஆடுற கேம்ல வர்ற கள்ளி மாதிரியே இருக்கு,” என்றார். அன்று மாலை அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்னைக் கேக்காமலே என்னைக் கள்ளி ஆக்கிட்டீங்களா?”

“பொருத்தமாத்தானே இருக்கு.”

அதற்கும் அவள் சொன்ன பதில் அதே ‘ம்க்கும்’தான்.

பல வருஷம் கழித்து அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தது. நாள் முழுக்க ‘கிளட்ச், கிளட்ச்’ என்று கத்தினால் கம்மாமல் என்ன செய்யும் என்று இருவருமே நினைத்தார்கள். வெந்நீரும் ஆவியும் ஓய்வும் பலிக்காமல் டாக்டரிடம் போனபோது அவர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும். எடுத்தார்கள். உயிர் தங்கியது. இப்போது அவள் மூச்சு கழுத்தின் அடியில் இருக்கும் ஒரு துளை வழியாகப் போய் வருகிறது. அதன்மேல் ஒரு மெல்லிய துணி தொங்கும். நாக்கும் உதடும் பழையபடியே இருந்தன. அவற்றுக்குக் கொடுக்கச் சத்தம்தான் இல்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் அவளுக்கு ஒரு கருவியைக் கொடுத்தார். பார்க்கச் சின்ன டார்ச் போல இருக்கும். தாடைக்குக் கீழே வைத்துப் பொத்தானை அமுக்கினால் அதிரும். அந்த அதிர்வை வாய் சொல்லாக்கும். வருவது ஒரே சுருதியில் வரும், தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு பேசுவது போல. ஆனால் புரியும். அவள் விடாமல் பழகினாள். தான் கூப்பிடும்வரை பயிற்சி அறைக்குள் வரக் கூடாது என்று கணவனுக்கு எழுதிக் காட்டியிருந்தாள். ஒரு முழு வாக்கியம் தடங்கலில்லாமல் வந்த அன்று அவனை உள்ளே அழைக்கச் சொன்னாள்.

அவன் வந்து எதிரே உட்கார்ந்தான். அவள் கருவியைத் தாடைக்கடியில் வைத்து, “டீ குடிச்சீங்களா?” என்றாள்.

“குடிச்சேன்,” என்றான் அவன்.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. ஒலிப்பதிவு வேலையில் இருப்பவர்களுக்கு ஒரே சுருதியில் ஓடும் இரைச்சல்தான் ஜென்ம விரோதி. ஃபேன், ஏசி, பழைய குளிர்பெட்டி என்று எது காதில் பட்டாலும் புருவம் சுருங்கும், அதைக் குறைக்கும் திருகுக் குமிழை நோக்கிக் கை தானாகப் போகும். அவன் புருவம் சுருங்கியது. மடியில் கிடந்த வலது கை எழுந்து, காற்றில் இல்லாத ஒரு குமிழைப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பியது. சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பது போல அவ்வளவு சின்ன அசைவு. அவனுக்கே அது தெரியாது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கருவியைப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தாள். ‘பிடிச்சிட்டே பேசினா கை வலிக்குது’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள். அவன் நம்பினான். அதிலிருந்து அவர்களுக்குள் எல்லாம் எழுத்தில்தான். ‘கரண்ட் பில் கட்டியாச்சா’, ‘உங்க அக்கா ஃபோன் பண்ணாங்க’, ‘சட்டையில பட்டன் இல்ல’. சண்டைகூட எழுத்தில் நடந்தது. ஆனால் எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிப் போய்விடும். அவள் பாதியிலேயே துடைத்துவிடுவாள்.

அவன் வேலைக்குக் கிளம்பியபின் கருவியை எடுப்பாள். மளிகைக் கடையில் அதில்தான் பேசினாள். சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் அதில்தான் கணக்குக் கேட்டாள். முதல் தடவை திடுக்கிட்டவர்கள் மூன்றாம் தடவை சாதாரணமாகப் பதில் சொன்னார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஃபோன் செய்து, “குரல் எப்படி இருந்தா என்னம்மா, நீ பக்கத்துல உட்காந்தாலே பயந்து ஒழுங்கா ஓட்டுவாங்க. வந்துரு,” என்றார். பார்க்கலாம் என்றாள். கட்டின புருஷனுக்கே காதில் வாங்க முடியாத குரலைக் காருக்குள் வைத்துக்கொண்டு யார் உட்கார்வார்கள் என்பதுதான் அவள் யோசனை. அவன் மாலையில் திரும்பும்போது கருவி பெட்டிக்குள் போயிருக்கும்.

இந்த நிலையில்தான் நிறுவனம் பழைய ஓணான் விளையாட்டைப் புதுப்பிக்க முடிவு செய்தது. படங்கள் எல்லாம் புதிதாக வரையப்பட்டன. சத்தங்களும் புதிதாக வேண்டும். பழைய பதிவுகள் இருந்த வட்டு எப்போதோ எரிந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தவை அந்தக் காலத்துச் சின்னக் கருவிகளுக்காக நசுக்கிச் சுருக்கிய பிரதிகள். புதிய பாலைவனத்தில் காற்று காதைச் சுற்றி வீசியது. மணல் ஒவ்வொரு துகளாக உருண்டது. அதன் நடுவில் கள்ளி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசியது.

“கேக்குதா சவுண்டு?” என்றாள் கேப்டன். நிறுவனத்தின் தலைவி அவள்தான். கப்பல் எதுவும் ஓட்டியதில்லை. கூட்டத்தில் எப்போதும் எழுந்து நின்றபடி பேசுவதால் வந்த பெயர்.

“சரி பண்ணிடறேன்.”

“போன வாரமும் இதையே சொன்ன.”

“ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?” என்றான் நிரல் எழுதுகிறவன். எந்தச் சிக்கலுக்கும் அவன் தரும் ஒரே வைத்தியம் அதுதான். அதனால் அவன் பெயரே ‘ரீஸ்டார்ட்’ ஆகியிருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கேப்டன் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். “அது யாரு குரல்னு எனக்குத் தெரியாதா? உன் இடத்துல நான் இருந்தாலும் விட மாட்டேன். ஆனா நாம செய்யறது விளையாட்டுப்பா, நினைவு மண்டபம் இல்ல. வர்ற வாரம் குரல் ஆர்ட்டிஸ்ட் வர்றாங்க. அவங்க வர்றதுக்குள்ள முடிஞ்சா பாரு. முடியலன்னா கள்ளியும் அவங்க பட்டியல்ல சேந்துரும்.”

அவன் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அந்தச் சத்தத்தின் நீளம் ஒரு தும்மலைவிடக் குறைவு. அதைத் துண்டு துண்டாக வெட்டி, இரைச்சலைச் சுரண்டி, மங்கிய இடத்தில் மெருகு ஏற்றி, மறுபடி ஒட்டினான். இரைச்சலை எடுத்தால் குரலும் கூடவே உரிந்து வந்தது. பாத்திரத்தில் வெட்டிய பெயரைத் தேய்த்து எடுக்கப் போய்ப் பாத்திரமே ஓட்டையான கதை. ஆனாலும் விடவில்லை. அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். ம்க்கும். கொஞ்சம் திருத்தினான். ம்க்கும். மறுபடி. ம்க்கும்.

தங்கை வீட்டில் ஆள் இல்லாததால் அவள் பாதி வழியிலேயே திரும்பியிருந்தாள். கதவுக்கு வெளியே செருப்போடு நின்று கேட்டாள். அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. வீடு மாறி வந்துவிட்டவர்கள் விழிப்பது போல ஒரு பார்வை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சிலேட்டைத் தொடவில்லை.

மறுநாள் மாலை அவன் வேலை முடிந்து வந்தபோது கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் மறித்தார்.

“சார், உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லுங்க. மோட்டார் போட மறந்தது நான் இல்ல, என் மச்சான். ஆள் யாருன்னு கேக்காம என்னை நிக்க வெச்சு அந்தக் காய்ச்சு காய்ச்சிட்டாங்க. மூச்சு விட விடல.”

“எழுதியா காய்ச்சுனா?”

“எழுதியா?” அவர் இவனை ஒரு மாதிரி பார்த்தார். “அந்த மிஷினை வெச்சுத்தான். தெரு முழுக்கக் கேட்டுச்சே.”

அவன் மெதுவாகப் படியேறினான். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“கீழ்வீட்டுக்காரர்கிட்டப் பேசுனியா?”

தலையசைத்தாள்.

“கடையில?”

தலையசைத்தாள்.

“அப்ப எங்கிட்ட மட்டும்தான் கை வலிக்குதா?”

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அவனையே பார்த்தபடி புருவத்தைச் சுருக்கினாள். வலது கையைத் தூக்கி, காற்றில் எதையோ பிடித்து, இடப்பக்கமாகத் திருப்பினாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் மறுபடி செய்தாள். அவன் கையே ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிற அசைவு. அதை இன்னொருவர் கையில் அவன் பார்த்ததே இல்லை. பிடிபட்டபோது தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான்.

“எப்ப?” என்றான்.

அவள் சிலேட்டை இழுத்து எழுதினாள்: ‘டீ குடிச்சீங்களா.’

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும். “அது… ஃபேன் சத்தத்துக்குப் பண்றது,” என்றான். சொன்ன பிறகுதான் எப்படிப்பட்ட வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்தது. எரிகிற கொள்ளியில் எண்ணெய். தலையைக் குனிந்துகொண்டான்.

நிமிர்ந்தபோது அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாள் என்று பதறி எழுந்தான். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வர. சிரித்து முடித்து எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். வந்து உட்கார்ந்து கருவியைத் தாடைக்கடியில் வைத்தாள்.

“நேத்து யாரை உட்கார வெச்சுத் தேய்ச்சிட்டு இருந்தீங்க?”

“உன்னைத்தான்.”

“அவ யாரோ ஒருத்தி. அவ போயிட்டா. செத்தவங்க ஃபோட்டோவைத் துடைக்கிற மாதிரி தினம் துடைக்கிறீங்க. நான் இங்க உசிரோட உட்காந்து உங்க தலையணைக்கு உறை தைக்கிறேன்.”

அவன் வலது கை மேஜைமேல் இருந்தது. அதை எடுத்துத் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

“கையை எடுங்க,” என்றாள். “அடிக்க மாட்டேன்.”

“அது எனக்குத் தெரியாம வருது. வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

“வந்தா வரட்டும். ஒளிக்காதீங்க. கார் பழக வர்றவங்க பாதிப் பேரு முகம் சுளிச்சுத்தான் உட்காருவாங்க. நான் இறக்கியா விட்டேன்?”

அவன் கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தான். அது சும்மாதான் இருந்தது.

“புதுக் கள்ளிக்கு யாரு பேசப் போறாங்க?” என்றாள்.

“ஒரு ஆர்ட்டிஸ்ட். நல்லா பண்ணுவாங்க.”

“என் வேலையை இன்னொருத்தி வந்து பாத்துட்டுப் போறதா? நான் வர்றேன்.”

“இல்லம்மா, அது வந்து…”

“என்ன அது வந்து?”

“கேப்டன்கிட்டக் கேக்கணும்.”

“கேளுங்க. இப்பவே கேளுங்க.”

கேப்டன் ஒப்புக்கொண்டாள். ஆனால் கறாராக ஒன்று சொன்னாள்: “பாவம்னு பாத்து எதையும் உள்ள வைக்க மாட்டேன். நல்லா இருந்தா இருக்கும், இல்லன்னா ஆர்ட்டிஸ்ட்.” அதை அப்படியே வீட்டில் சொன்னபோது டீச்சர், “இவங்க நல்ல பொம்பளை,” என்றாள்.

பதிவு அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவரெல்லாம் பஞ்சு. ஒரு கண்ணாடி, அதற்கு இந்தப் பக்கம் சவுண்டின் மேஜை. ரீஸ்டார்ட் முதுகுக்குத் தலையணை, தண்ணீர், “அண்ணி, ஏசியைக் குறைக்கட்டுமா?” என்று ஓடிக்கொண்டிருந்தான். அவள் கருவியை வைத்து ஆரம்பித்தாள்.

“ம்க்கும்.”

“சூப்பர், அண்ணி,” என்றான் ரீஸ்டார்ட்.

கேப்டன் சவுண்டைப் பார்த்தாள். அவன் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்து, பதிவானதை மறுபடி ஓடவிட்டுக் கேட்டான். எழுத்துக்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் கள்ளி யாரையும் மட்டம் தட்டவில்லை. வாசல் மணி அடித்ததுபோல் இருந்தது. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருந்தாள்.

சரி என்று சொல்லிவிடலாம். எல்லோரும் கைதட்டுவார்கள். அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். பிறகு வேறொரு குரலை வைத்துக்கொள்ளலாம். அவன் உள்ளே கேட்பதற்கான பேச்சுப் பொத்தானை அமுக்கினான்.

“வரல,” என்றான். “இதுல இளக்காரமே இல்ல. இன்னொண்ணு போ.”

ரீஸ்டார்ட் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “சார், விடுங்க சார்.”

அவள் கண்ணாடி வழியாகத் தன் கணவனை உற்றுப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் தன்னை நோயாளியாக நடத்தாமல் பேசியது ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

இன்னொன்று சொன்னாள். வரவில்லை. இன்னொன்று. “இப்ப மெதுவா போயிருச்சு.” இன்னொன்று. “இது கள்ளி இல்ல, கறிக்கடை மிஷின்.” ரீஸ்டார்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

“மிஷின்தானே வெச்சிருக்கேன், சவுண்டு சார்,” என்றாள் அவள். “வேற என்ன வரும்?”

“இப்பச் சொன்னியே, அதுல இருக்கு இளக்காரம். அதைக் கள்ளிக்குக் குடேன்.”

“அதுக்கு நீங்க எதிர்ல வந்து உட்காரணும். உங்க முகத்தைப் பாத்தாத்தான் வரும்.”

கேப்டன் சிரித்தாள். சவுண்டு எழுந்து உள்ளே போய் அவளுக்கு எதிரே, முழங்கால் முட்டும்படி உட்கார்ந்தான். பழைய ‘ம்க்கும்’ குரலின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. இந்தக் குரலுக்கு ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அப்படியென்றால் அந்த அலட்சியம் இதில் எங்கே இருக்க முடியும்? அவன் அவள் உதட்டைப் பார்த்தான், பிறகு கருவியின் பொத்தான்மேல் இருந்த அவள் கட்டை விரலைப் பார்த்தான்.

“விரலை எப்ப எடுக்கிற?”

“சொல்லி முடிச்சப்புறம்.”

“நடுவுல எடுத்துப் பாரு. ‘ம்’ சொல்லிட்டு எடு. என்னைப் பாரு. இவனுக்கெல்லாம் பதில் சொல்லணுமான்னு ஒரு நிமிஷம் யோசி. அப்புறம் மீதியைச் சொல்லு.”

அவள் “ம்” என்றாள். விரலை எடுத்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்துத் துளையில் மூச்சு ஒன்று மெல்ல வந்து போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “க்கும்” என்றாள்.

அவனுக்குக் காது மடல் சூடேறியது. திட்டு வாங்கியவனுக்கு வருகிற சூடு.

“மூச்சுச் சத்தம் விழுந்துருச்சே,” என்றாள். “எடுத்துருங்க.”

“எடுக்க மாட்டேன். அது பாலைவனம்.”

ரீஸ்டார்ட் அதை விளையாட்டில் ஏற்றி, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். ஓணான் மணலில் ஓடியது. கள்ளி “ம்” என்றது. பழைய பழக்கத்தில் உடனே தாவினான். கள்ளி பேசாமல் நின்றது. காற்று வீசியது. ஓணான் கீழே இறங்கும் நேரம் பார்த்து “க்கும்” என்று முகத்தைத் திருப்பி முள்ளை வீசியது. குடுவை உடைந்து ஓணான் கவிழ்ந்தது.

“இது அநியாயம், அண்ணி.”

“பொறுமை இல்லாதவன் கையில வண்டி குடுத்தா இப்படித்தான்,” என்றாள் அவள்.

கேப்டன் கன்ட்ரோலரை வாங்கி ஆடினாள். அவளும் கவிழ்ந்தாள். மறுபடி ஆடினாள். இந்த முறை அந்த மௌனம் முடியும்வரை காத்திருந்து தாவி அதன் தலையில் மிதித்தாள். மணலில் இறங்கும்போது கள்ளி இவளை ஏற இறங்கப் பார்ப்பது போலவே இருந்தது. “இது பழைய கள்ளி இல்ல,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதைவிடத் திமிரு அதிகம். வெச்சுக்கலாம்,” என்றாள். குரல் ஆர்ட்டிஸ்டின் பட்டியலிலிருந்து கள்ளி அடிக்கப்பட்டது.

அந்த வார இறுதியில் சவுண்டு அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து பாம்பின் சீறலை அளந்துகொண்டிருந்தான். அதையும் தாண்டி எதுவோ காதில் விழுந்தது. புருவம் சுருங்கியது. ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

“என்னங்க.” பால்கனியிலிருந்து வந்தது. “என்னங்க, காதுல விழுதா?”

எழுதிக் காட்ட வேண்டுமென்றால் அவள் எதிரே வந்து நின்றாக வேண்டும். இத்தனை மாதத்தில் அவன் முகம் பார்க்காமல், வேறோர் இடத்திலிருந்து அவள் அவனைக் கூப்பிட்டதே இல்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டாள், இம்முறை அவன் வம்சத்தையும் சேர்த்து.

“வந்துட்டேன்,” என்று ஓடினான்.

காய்ந்த படுக்கை விரிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஒரு பக்கம் பிடிங்க.”

அவன் இரண்டு முனைகளைப் பிடித்தான், அவள் இரண்டைப் பிடித்தாள். இழுத்து உதறினார்கள். நடுவில் மடிக்கப் போகும்போது அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. ஒரு முனையை விட்டுவிட்டுக் கருவியை எடுத்தாள்.

“திங்கக்கிழமையிலருந்து வர்றேன்னு ஸ்கூல்ல சொல்லிட்டேன்.”

“நல்லது.”

முனையை எடுத்தாள். மறுபடி உதறினார்கள். மறுபடி விட்டாள்.

“புது வண்டி வாங்கியிருக்காராம். ரெண்டாவது பிரேக்கை அதுல யாரு வெச்சாங்களோ, எனக்குக் கால் எட்டுமான்னு கேக்காமலேயே வெச்சிருக்காங்க. நீங்களும் வந்து பாருங்க. அந்த மனுஷன் சொல்றதை நம்ப முடியாது. போன தடவை என்ன பண்ணாரு தெரியுமா?”

“என்ன பண்ணாரு?”

அது நீளமான கதை. போன தடவைக்கு முந்தின தடவையிலிருந்து ஆரம்பித்தாள். விரிப்பின் ஒரு முனை தரையில் கிடந்து அழுக்கானது. அவன் தன் பக்கத்து இரண்டு முனைகளையும் விடாமல் பிடித்தபடி, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றான்.